தலையாட்டிய நீதிபதி

பெரியவர்களே, சின்னவர்களே, என்னைப் போன்ற இரண்டுங்கெட்டான்களே, கேளுங்கள். மலைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலத்தில் ஒரு காட்டைச் சிங்கராஜா ஆண்டுவந்தார். அந்தக் காட்டின் தலைமை நீதிபதியான கிழட்டு யானை ஒருநாள் கண்ணை மூடியது.

பீடம் காலியானதும் ஒரு பெண்மான் பரிதவித்துப் போனது. அதன் குட்டியை ஓநாய் தூக்கிப்போய், "இது நான் வளர்த்த குட்டி, என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்று வழக்காடிக்கொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை குட்டியைத் தொடக்கூடாது என்பது காட்டுச் சட்டம். ஓநாயும் எச்சிலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தது.

அந்நேரம் ஊர்ப்பக்கமிருந்து ஒரு காளை வந்து சேர்ந்தது. முதுகில் பட்டுத்துணி, கொம்பில் குஞ்சம், கழுத்தில் மணி. கேட்டதற்கெல்லாம் தலையாட்டப் பழக்கிய பூம்பூம் மாடு அது. நமக்குத் தெரியும், காட்டுக்குத் தெரியாதே! அதன் கம்பீரத்தில் சொக்கிப்போன ராஜா, "இவரே நம் நீதிபதி" என்றார். ஆனால் வழக்கப்படி மூன்று பண்டிதர்கள் தகுதியைச் சோதித்துத் தேர்வு செய்யவேண்டும்.

முதலில் நரி வந்தது. நீதி என்றால் என்னவென்று தானே உச்சிவேளை வரை விளக்கியது. "நான் சொல்வது சரிதானே?" காளை தலையாட்டியது. "ஆகா, என்ன ஞானம்!"

அடுத்து கரடி வந்தது. தன் பாட்டனார் பெருமையைப் பேசித் தீர்த்தது. "அப்படித்தானே?" காளை தலையாட்டியது. "ஆகா, என்ன அடக்கம்!"

மூன்றாவதாகக் கொக்கு வந்தது. ஒற்றைக்காலில் நின்று தான் கற்ற சாத்திரத்தையெல்லாம் கொட்டியது. "உண்டா, இல்லையா?" காளை தலையாட்டியது. "ஆகா, என்ன தெளிவு!"

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. நாலாவதாக என்னை உட்காரவைத்திருந்தால் விடியவிடியப் பேசியிருப்பேன். இதோ, மானை அம்போவென்று விட்டுவிட்டு என் புராணம் பாடுகிறேன், பாருங்கள்! நீங்களும் ஆமாம் என்று தலையாட்டாதீர்கள், மனசு நோகும்.

மான் மெல்ல முன்னே வந்தது. "ஐயாமாரே, இவருக்கு இல்லைன்னு சொல்ல வருமான்னு ஒரு வார்த்தை கேளுங்களேன். என் புள்ள உசிரு இதுல இருக்கு."

"படிக்காத பிறவி, சும்மா இரு!" என்று மூவரும் அதட்டினார்கள். காளை பீடம் ஏறியது.

வழக்கு வந்தது. "குட்டி என்னோடதுதானே?" என்றது ஓநாய். காளை தலையாட்டியது. "நான் தின்னலாம்தானே?" அதற்கும் தலையாட்டியது. பண்டிதர்கள் மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

ஆனால் யார் எதைக் கேட்டாலும் இவரிடம் ஆமாம்தான் என்பதை மான் கண்டுகொண்டது. பீடத்துக்கு முன்னே போய் நின்றது.

"ஓநாய் சொன்னது பொய்தானே, சாமி?" காளை தலையாட்டியது.

"குட்டி எனக்குத்தானே?" தலையாட்டியது.

ஓநாய் வாயைத் திறப்பதற்குள் மான் முந்திக்கொண்டது. "இதுதான் கடைசித் தீர்ப்பு, இனிமே யாரும் பேசக்கூடாது, அப்படித்தானே?"

காளை மணி குலுங்கத் தலையாட்டியது. "தீர்ப்பு தீர்ப்புதான்!" என்று ராஜா கர்ஜித்தார். குட்டி ஓடிவந்து தாயை ஒட்டிக்கொண்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"பார்த்தீர்களா எங்கள் தேர்வை!" என்று பண்டிதர்கள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். மறுநாள் வழக்குக்கு வந்தது ஒரு சாதுவான முயல். அதற்கு மானின் சாமர்த்தியம் இல்லை. அப்புறம் அந்த முயலை யாரும் பார்க்கவில்லை.

தகுதியைச் சோதிக்க உட்கார்ந்தவர் தன் புலமையையே காட்டிக்கொண்டிருந்தால், தேறி வருவது தலையாட்டிதான்.