கோடரி இல்லாத மடம்

இந்தக் கதை நடந்த மடத்தில் கோடரி கிடையாது. மடத்தைத் தொடங்கிய பெரியவர் மலையேறி வந்த முதல் நாளே தம் கோடரியைப் பள்ளத்தில் வீசிவிட்டார். உயிருள்ள மரத்தை வெட்டுவதில்லை, உதிர்ந்த விறகை மட்டுமே பொறுக்கி எரிப்பது என்பது அவர் வைத்துப் போன விதி. பிறகு மடத்து வேலிக்குள் விறகுக்கென்றே மலையில் வளர்க்கும் சீகை மரங்கள் பன்னிரண்டைத் தம் கையாலேயே நட்டார். வெட்டக் கூடாத மரத்தை விறகு இல்லாத ஊரில் எதற்கு நட வேண்டும் என்று யாரும் கேட்டதாகக் குறிப்பு இல்லை.

மலை உயரமானது. மார்கழியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். குடத்துத் தண்ணீரில் பனிக்கட்டி ஏடு படியும். அதனால் மழை விட்டதும் சீடர்கள் நாற்பது பேரும் அரசாங்கக் காட்டுக்குள் இறங்கி, தை முடியும்வரை விறகு பொறுக்குவார்கள்.

பொறுக்குவதில் உலகநாதரை மிஞ்ச ஆளில்லை. அவருக்கு வயது அறுபத்தொன்று. கல்லூரியில் தர்க்கம் கற்பித்து ஓய்வு பெற்று, இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களோடு வந்து சேர்ந்தவர். மடத்தின் குருவான குமுதவல்லி அம்மைக்கு வயது நாற்பத்து நான்கு. வந்த புதிதில் இந்த வயதுக் கழித்தல் உலகநாதரைக் கொஞ்சம் உறுத்தியது. ஒரு மாலை அம்மை பேசக் கேட்டார், உறுத்தல் நின்றுவிட்டது.

செத்த விறகு எது என்பதை உலகநாதர் வகைப்படுத்தி எழுதியே வைத்திருந்தார். தானே விழுந்தது, காற்று தள்ளியது, யானை ஒடித்தது, இடி கருக்கியது. யானை ஒடித்தும் விழாமல், பட்டையில் தொங்கும் கிளை எந்த வகை? அது உயிரா, பிணமா? முந்தைய ஆண்டு மார்கழியில் அப்படி ஒரு கிளையைக் கண்டார். ஐயத்தின் பலன் மரத்துக்கே என்று முடிவு செய்து, அது தானாக விழும்வரை பதினோரு நாள் காலையும் மாலையும் அதனடியில் காத்து நின்றார். கிளை விழுந்தது. அவருக்குச் சளி பிடித்தது. மடமே அவரைப் பெருமையோடு பார்த்தது.

தீட்சை பெறுகிறவர் தாமே பொறுக்கிய ஒரு கட்டு விறகால் தீ மூட்டி, அதன் எதிரில் நின்று, "என் கையால் ஓர் உயிர்க்கிளையும் ஒடிந்ததில்லை" என்று சொல்ல வேண்டும். அதன்பின் அம்மை காவித் துணியைக் கையில் கொடுப்பார். உலகநாதர் அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒன்பது குளிர்காலம் காத்திருந்தார்.

தை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலை அவர் முறை வந்தது. தீ மூட்டும் குழிக்கு முன்னால் விறகுக்கட்டு இருந்தது. துணி மடித்துத் தட்டில் இருந்தது. மற்ற சீடர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது வாசலில் ஒரு சத்தம்.

"பூசை நடக்குதும்மா. பொறகு வா" என்றார் சமையற்காரர் சிங்காரம்.

"பொறகு வந்தா புள்ள இருக்குமான்னு தெரியல சாமி."

கீழ்ச்சரிவில் மலைக்குடிகளின் பதினைந்து வீடுகள் உண்டு. வந்தவள் அங்கிருக்கும் ரங்கி. முதுகில் சேலையால் கட்டிய குழந்தை, பிறந்து இருபது நாள் இருக்கும். அதன் உதடு நாவல் நிறத்தில் இருந்தது.

அம்மை எழுந்து, தம் போர்வையை எடுத்துக் குழந்தையைச் சுற்றினார். "என்னம்மா?"

"மூணு நாளா அடுப்பு எரியல. விறகில்ல. பனி தாங்காம எம் புருசன் பச்சைக் கிளை ஒண்ண வெட்டிட்டாரு. பாரஸ்ட் கார்டு புடிச்சுத் தன் கொட்டாயில உக்கார வெச்சிருக்காரு. மடத்துலேர்ந்து யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொன்னா விட்டுடறேங்கறாரு."

உலகநாதருக்கு இரக்கமாகத்தான் இருந்தது. மென்மையாகக் கேட்டார். "உயிர்க்கிளையை ஏனம்மா வெட்ட வேண்டும்? காட்டில் உதிர்ந்தது கிடைக்காதா?"

ரங்கி அவரையே பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால், கூரையைத் தொடும்படி அடுக்கிய விறகுக் கொட்டகையைப் பார்த்தாள்.

"எங்க சாமி கெடக்குது? காஞ்சத மட்டும்தான் எடுக்கலாம்னு எங்களுக்குச் சட்டம். காஞ்சது அத்தனையும் நீங்க எடுத்துக்கறீங்க. நாப்பது பேரு. விடியறதுக்குள்ள வந்து ஒரு சுள்ளி விடாமப் பொறுக்கறீங்க. நாங்க எதை எடுக்க?"

அவள் உலகநாதர் பக்கம் விரலை நீட்டினாள்.

"போன வருசம் ஒரு கிளை தொங்கிச்சு. இந்தப் பெரிய சாமி பதினோரு நாள் அதுக்கடியில நின்னாரு. எங்க மாமியாளும் நானும் அந்தப் பக்கம் புதருக்குள்ள நின்னோம்."

"எதற்கு?" என்றார் உலகநாதர். கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்க போவீங்கன்னுதான்."

அந்தப் பதினோரு நாளும் அவருக்கு ஞாபகம் இருந்தது. புதர் அசைந்ததும் ஞாபகம் இருந்தது. கேளையாட்டு மான் மேய்கிறது என்று நினைத்திருந்தார்.

அம்மை குழிக்கு முன்னால் வந்தார், உலகநாதரின் விறகுக்கட்டை இரண்டு கையாலும் தூக்கினார், ரங்கியின் தலையில் வைத்தார்.

"அம்மையே! அது என் தீட்சைக் கட்டு!"

"ஆமாம். நன்றாகக் காய்ந்திருக்கிறது."

பிறகு மற்றவர்களைப் பார்த்து, "கொட்டகையில் இருப்பதையும் கீழே கொண்டு போங்கள். முழுவதும்" என்றார். "சிங்காரம், பலாப்பழம் பிளக்கிற அரிவாளைக் கொண்டு வா."

சிங்காரம் கொண்டு வந்தார். அம்மை அதை வாங்கிக்கொண்டு வேலியோரம் நடந்தார். பெரியவர் நட்ட பன்னிரண்டில் கடைசி மரம் தொடைப் பருமன் இருக்கும். அதன் முன்னால் நின்றார். யாருக்கும் புரியவில்லை. அரிவாள் உயர்ந்தபோதும் புரியவில்லை.

முதல் வெட்டு பட்டையில் வழுக்கியது. வெட்டிப் பழகாத கை. இரண்டாவது வெட்டில் பட்டை கிழிந்து உள்ளே ஈர வெள்ளை தெரிந்தது. மூத்த சீடர் ஒருவர் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

உலகநாதர் ஓடினார். ஓடி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"அம்மையே, இது உயிர்!"

"ஆமாம்." வெட்டு.

"பெரியவர் நட்ட மரம்!"

"ஆமாம்." வெட்டு.

"பச்சை விறகு எரியாது!"

"புகையும்."

"நாற்பது பேரும் இருமுவோம்!"

"இருமுவோம்."

ஒரு சிராய் தெறித்து அவர் கன்னத்தில் பட்டது. அம்மையின் உள்ளங்கை கிழிந்து, அரிவாள் பிடி சிவந்திருந்தது. வாழ்நாள் முழுக்கக் கற்பித்த தர்க்கத்தில் இதற்கு ஒரு விடை இருக்க வேண்டும். அவர் தேடினார். ஒவ்வொரு விடையின் முடிவிலும் ஒரு புதர் அசைந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியுமா?"

அரிவாள் நின்றது.

"தெரியாது. அந்த உறுதியை நானும் சொன்னவள்தான். அன்றைக்கு எனக்காகச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்."

மீண்டும் வெட்டினார். மரம் முறிந்து வேலிமேல் சாய்ந்தது. அந்த மடத்தில் யாரும் அதுவரை கேட்டிராத சத்தம் அது.

கன்னத்துச் சிராயைத் துடைத்துக்கொண்டு உலகநாதர் கேட்டார். "அப்படியானால் இன்று எனக்குத் தீட்சை இல்லையா?" தம் குரல் இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"யார் சொன்னது? துணி தட்டிலேயே இருக்கிறது."

"உறுதிமொழி?"

"அதுவும் வேண்டும். ஆனால் இங்கே வேண்டாம். ரங்கியோடு இறங்கிப் போங்கள். கார்டு கொட்டகையில் அவள் புருஷன் உட்கார்ந்திருப்பான். அவனை விடும்படி கார்டிடம் சொல்லுங்கள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, 'என் கையால் ஓர் உயிர்க்கிளையும் ஒடிந்ததில்லை' என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்."

உலகநாதர் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார்.

தலையில் கட்டோடு, முதுகில் பிள்ளையோடு, ரங்கி வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.