இருநூற்று நாற்பது ‘முடிஞ்சது’

ஒரு ரத்த வங்கியில் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள்ளே குறிப்பேட்டக்கா என்றொருத்தி குடியிருந்தாள். அங்கே யார் எதை எடுத்தாலும் வைத்தாலும் ஒரு வரி விடாமல் எழுதுவது அவள் வேலை. பாதியில் கரண்ட் போய்விட்டால் எது எதுவரை நடந்தது என்று சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. வேலை செய்தவர் வந்து "முடிஞ்சது" என்று சொன்னால்தான் எழுதிய தாள்களைக் கையிலிருந்து விடுவாள். அவற்றைக் கட்டி, வெளியே இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்புகிறவர் வட்டு அண்ணாச்சி, அதாவது ஹார்ட் டிஸ்க். அந்த வீடே அவருடையதுதான்.

ஒருநாள் காலையில் நகலன் வந்து இறங்கினான். ரத்தம் கொடுக்கிறவர்கள் பன்னிரண்டு லட்சம் பேரின் விவரத்தைப் பழைய அறையிலிருந்து புது அறைக்கு நகல் எடுக்க வேண்டும். ஆள் சூரன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஒரே மூச்சுக்கா. கடைசியில ஒரே ஒரு முடிஞ்சது. பாத்துக்கிட்டே இருங்க."

"நடுவுல நாலு தரம் சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"நிறுத்தி நிறுத்திச் செய்யறது எனக்குக் கௌரவமில்லக்கா" என்று கிளம்பிவிட்டான்.

இரண்டு லட்சத்தில் அக்காவின் மடி நிறைந்தது. ஐந்து லட்சத்தில் அறை நிறைந்தது. ஒன்பது லட்சத்தில் தாள் வாசற்படியைத் தொட்டது. அண்ணாச்சி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "எம்மா, என் வீட்டுல எனக்கே நிக்க இடமில்ல" என்றார்.

அந்த நேரம் பார்த்து வெளியே நர்ஸ் பெனிட்டா ஒரு வரி தட்டினாள். பிரசவ வார்டில் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை; ஓ நெகட்டிவ் பை ஒன்று உடனே போக வேண்டும். பதியாமல் பையை வெளியே விடக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த வரியை எழுத அக்காவிடம் துண்டுத் தாள்கூட மிச்சமில்லை.

"அந்தக் குப்பையைக் கிழிச்சுப் போடுங்கக்கா" என்றான் நகலன்.

"ஒரே மூச்சுன்னு ஆரம்பிச்சுட்ட, அது இன்னும் முடியல தம்பி. இப்பக் கிழிச்சா, புது அறையில எது முழுசு, எது அரைகுறைன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு ஏ குரூப்காரனை பி குரூப்புன்னு காட்டும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"அப்ப என்னதான் செய்யறது?"

"புது அறையில வெச்சதையெல்லாம் கலைச்சுடு. அப்புறம் இந்தத் தாளை நான் பிடிச்சு வெச்சிருக்க வேண்டியதில்ல."

"ஒன்பது லட்சத்தையுமா?" நகலன் முகம் சுண்டிப்போனது.

பெனிட்டா அதே வரியை மறுபடியும் தட்டினாள். நகலன் அதைப் பார்த்தான். பிறகு திரும்பிப் போய், வைத்ததையெல்லாம் மூச்சிரைக்கக் கலைத்தான். தாள்களை அண்ணாச்சி மூட்டை மூட்டையாகப் பெட்டிக்கு ஏற்றினார். பெனிட்டாவின் வரியை அக்கா எழுதினாள். பை வார்டுக்கு ஓடியது. ரத்தம் நின்றுவிட்டது, இரண்டாவது பை வேண்டாம் என்று சற்று நேரத்தில் இன்னொரு வரி வந்தது. அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

நகலன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஐயாயிரம் ஐயாயிரமா எடு தம்பி. ஒவ்வொரு தரமும் வந்து சொல்லிட்டுப் போ" என்றாள் அக்கா.

முதல் ஐயாயிரத்துக்கு முணுமுணுத்தான். தாள் அண்ணாச்சியின் கைக்குப் போனது. அக்காவின் மடி காலியானது. இருபதாவது தடவைக்கு மேல் அவனுக்கே பிடித்துப்போய், ராகம் போட்டு "முடிஞ்சது" சொல்ல ஆரம்பித்தான். அண்ணாச்சி காலை நீட்டி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு லட்சமும் போய்ச் சேர்ந்த பிறகும் அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. "ஒரே தடவை சொல்லணும்னு வந்தேன். இருநூத்தி நாப்பது தடவை சொல்ல வெச்சுட்டீங்களேக்கா."

"நடுவுல பதினேழு பேருக்கு ரத்தம் போச்சு, தெரியுமா?"

"பதினேழா? நான் யாரையும் பாக்கலையே. எப்ப வந்தாங்க?"

"நீ முடிஞ்சதுன்னு சொல்லிட்டு மூச்சு வாங்குவியே, அப்ப" என்றாள் அக்கா.