வண்டி போய் வந்த குகை

செவ்வாய்க் கிரகத்துக்கு வண்டியை அனுப்பினால் போதாதா, மனுஷரும் போக வேண்டுமா? உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தணிகாசலம் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் கருமலை ஆசிரமத்துக்குப் படியேறி வந்தார். அறுபது வயது. செவ்வாயில் இன்றைக்கும் நிற்கிற ஒரு வண்டி அவர் செய்தது. ஒரு பெரிய பாறைக்கு முன்னால் சக்கரம் சிக்கி, நாலு வருஷமாக அங்கிருந்தே படம் அனுப்புகிறது.

குரு முத்தாயி அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காபிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு மணிமொழியைத் தேர்ந்தெடுத்துட்டாங்க அம்மா. செவ்வாய்க்குப் போற நாலு பேர்ல அவளும் ஒருத்தி. வீட்டாரோட சம்மதக் கையெழுத்து இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள வேணுமாம்."

"போட்டாச்சா?"

"எதுக்குப் போடணும்? அதான் என் வண்டி எல்லாத்தையும் பார்க்குதே! மனுஷர் போகத் தேவையில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவ கேட்பா."

குரு அவர் பையைப் பார்த்தார். அந்த வண்டியின் குட்டி ஒன்று, கைக்குழந்தை அளவில், எப்போதும் அதில் இருக்கும்.

"வண்டிக்காரரே, பின்னால ஒரு குகை இருக்கு. இதுவரைக்கும் யாரும் உள்ள போனதில்லை. உங்க குட்டி போகுமா?"

"ஜம்முனு போகும்!"

போனது. தணிகாசலம் குகை வாசலில் உட்கார்ந்து செல்போன் திரையில் அது அனுப்பும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்துவிட்டது.

"முப்பத்தெட்டு அடி. கடைசியில பாறைச் சுவர். அவ்வளவுதான், முடிஞ்சுது."

வண்டியைத் துடைத்துப் பையில் வைத்தார். அடுக்களைக்கு வந்து காபி குடித்தார்.

"இப்ப நீங்க போங்க" என்றார் குரு, பாயசத்துக்கு வேறு பாலை அடுப்பில் ஏற்றியபடி.

"அதான் முடிஞ்சுதுன்னு சொன்னேனே அம்மா! என் முட்டி வலியோட எப்படிப் போறது?"

"முட்டியையும் கூட்டிக்கிட்டே போங்க."

ஆசிரமமே சிரித்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, கையில் டார்ச்சைக் கொடுத்து அனுப்பினார்கள்.

முனகிக்கொண்டே தவழ்ந்து போனார். சுவர் வந்தது. படத்தில் பார்த்த அதே சுவர். திரும்பலாம் என்று தலையைச் சாய்த்தபோது காதில் சில்லென்று பட்டது.

காற்று!

கையால் தடவினார். சுவரின் மேல் ஓரத்தில் ஓர் இடுக்கு, இரண்டு விரல் நுழையும். மூக்கை வைத்தார். மழை பெய்து ஓய்ந்த மண் வாசனை. வாயை வைத்து "ஏய்ய்ய்!" என்று கத்தினார். கத்தல் எங்கேயோ வெகுதூரம் போய்ச் சுற்றிவிட்டு, சாவகாசமாக அவரிடமே திரும்பி வந்தது. அது அடங்கியதும், சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

வெளியே வந்தவரை அடையாளமே தெரியவில்லை. தலையெல்லாம் மண். வேட்டி கிழிந்திருந்தது. மூக்குக் கண்ணாடியைக் காணோம், அதை அவர் தேடவும் இல்லை.

"அம்மா! அந்தப் பக்கம் பெரிய இடம் இருக்கு! கல்யாண மண்டபம் கணக்கா! தண்ணி சொட்டுது! எங்கேருந்து சொட்டுது? காத்து வேற வருதே, அப்ப இன்னொரு வாசல் இருக்கணும்ல? கடப்பாரை இருக்கா, கடப்பாரை?"

"வண்டி இதெல்லாம் சொல்லலையே?"

"அதுக்கு நான் காது வைக்கலை அம்மா. மூக்கும் வைக்கலை."

"ஏன் வைக்கலை?"

"அங்க கேட்கிறதுக்கு ஏதாவது இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். குரல் இறங்கியது.

"நான் போனது முப்பத்தெட்டு அடி. அவ போறது எத்தனை கோடி மைல்! திரும்பி வராமப் போயிட்டா?"

தணிகாசலம் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன அம்மா, தீய்ஞ்ச வாசனை?"

"பாயசத்துக்கு வச்ச பால். பொங்கி வழிஞ்சு, அடிப்பிடிச்சு, கரியாப் போச்சு."

"இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தர்கூடப் பார்க்கலையா?"

"எப்படிப் பார்க்கிறது? எல்லாரும் இங்கதானே நின்னோம்."

அப்போதுதான் தணிகாசலம் சுற்றிலும் பார்த்தார். ஆசிரமத்தில் இருந்த பத்தொன்பது பேரும் குகை வாசலில் நின்றார்கள். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை இன்னும் ஒருத்தரும் கீழே போடவில்லை.

"வண்டி உள்ள போனப்பவும் இப்படித்தான் நின்னீங்களா?"

"வண்டி போனப்ப காபிப் பால் பதமாத்தான் காய்ஞ்சுது, வண்டிக்காரரே."

தணிகாசலம் பையிலிருந்து அந்தச் சம்மதத் தாளை எடுத்தார். மண் கையோடு கையெழுத்துப் போட்டார். மகளுக்குப் போன் செய்தார்.

"போட்டுட்டேன் கண்ணு. தாளெல்லாம் மண்ணாயிடுச்சு, திட்டாதே. எனக்காக ஒண்ணு செய்வியா? அங்க இறங்கினதும் என் வண்டிகிட்ட போ. பாவம், நாலு வருஷமா அந்தப் பாறையையே பார்த்துக்கிட்டு நிக்குது. அதை ஒரு தட்டு தட்டிக் குடுத்துட்டு, பாறைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லும்மா."