மடித்து வைத்த காகிதம்

இந்தக் கதையில் கெட்ட எண்ணம் உள்ளவர் ஒருவர்கூட இல்லை. இருந்தும் பதினொரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், ஒரு தொழுவம் காலியாகிப் போனது. எப்படி என்று கேட்டுவிட்டு, பழியை யார் தலையில் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

காரைவலசு என்ற ஊருக்குக் குடிதண்ணீர் தருவது ஒரே கிணறுதான். அதற்கு மேற்கே மேட்டில் சாமியாத்தாளின் மாட்டுப் பண்ணை. புருஷன் போன பிறகு தனி ஆளாக நின்று இருபத்திரண்டு கறவை மாடுகளாகப் பெருக்கியவள். தொழுவத்துக்குப் பின்னால் ஆள் ஆழத்துக்கு ஓர் எருக்குழி. வருஷமெல்லாம் சாணமும் கூளமும் அதில் விழும். மக்கிய எருவைச் சித்திரையில்தான் அள்ளி விளைநிலத்தில் கொட்டுவார்கள். அதற்கு முன்னால் யாரும் குழியில் மண்வெட்டி வைப்பதில்லை.

ஊராட்சித் தலைவன் குழந்தைவேலுவுக்கு அவளிடம் தனி மரியாதை. அவன் மனைவி பிரசவத்தில் போனபோது, அந்தப் பச்சைப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் மழையானாலும் பனியானாலும் பால் கொண்டுவந்து ஊட்டியவள் அவள்தான். அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறது.

ஆனி மாதம் ஒரு கனமழை பெய்தது. அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் வாடை அடித்தது, ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பதில் வந்தது. குழந்தைவேலு காலையில் அதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஊரைக் கூட்டி உரக்கப் படித்தான்.

“கிணற்றுக்கு மேற்கே உள்ள மாட்டுத் தொழுவத்தை உடனே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்...”

கூட்டத்தில் யாரோ, “நாங்க அப்பவே சொன்னோம்ல” என்றார்கள். சாமியாத்தாள் எழுந்து நின்றாள்.

“மேல படிக்க வேண்டாந் தம்பி. எம் மாட்டால ஊருக்கு நோவு வருதுன்னா, நான் காலி பண்ணிக்கறேன். போதும்.”

கண் கலங்கி நின்றவள் முன்னால் மீதியைப் படிக்க அவனுக்கு வாய் வரவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஓடைக்கு அந்தப் பக்கம், கிணற்றுக்கு வெகு கீழே, அதே ஊர் விவசாயி செங்காளியப்பனுக்குத் தரிசு நிலம் இருந்தது. “அங்க வந்து கட்டிக்கோங்க அக்கா. வாடகை கீடகைன்னு பேசக் கூடாது” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “அந்தக் குழியில இருக்கற எருவை மட்டும் எனக்கு விட்டுருங்க. சித்திரையில நானே வண்டி கட்டி அள்ளிக்கறேன்” என்றான். இடம் தந்தவனுக்கு எருவாவது கொடுப்போம் என்று அவளுக்கும் மனம் நிறைந்தது.

மாடுகள் போய்ச் சேர்ந்தன. கிழட்டுச் செவலைப் பசு ஒன்று மட்டும் இரண்டு நாள் சாயங்காலம் பழைய மேட்டுக்கே வந்து நின்றது. பாலும் பாதியாகக் குறைந்தது. குழந்தைவேலு புதுத் தொழுவத்துக்கு ஒரு தரம் போனான். இன்னும் ஒரு சங்கதி சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவள் செவலையைப் பற்றிச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். பாவம், இப்போது வேண்டாம், இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டான். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் காய்ந்தன, தண்ணீர் தெளிவாக இருந்தது, அவனும் மறந்துபோனான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஐந்தாம் நாள் பதினொரு பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதில் குழந்தைவேலுவின் மகளும் ஒருத்தி. மேட்டில் ஏறிப் பார்த்தவர்கள், எருக்குழி நிரம்பிக் கிணற்றுப் பக்கம் வழிவதைக் கண்டார்கள்.

“போற ஆத்திரத்துல வேணும்னே விட்டுட்டுப் போயிருக்கா.”

யார் முதலில் சொன்னது என்று தெரியாது. சாயங்காலத்துக்குள் ஊரே சொன்னது. அவள் பாலை வாங்க ஆள் இல்லை. நேரில் கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த குழந்தைவேலுவின் காதுக்கும் அந்தப் பேச்சு வந்தது. காகிதம் பீரோவில் இருந்தது. இப்போது எடுத்துக் காட்டினால் பதினொரு வீட்டுக்காரர்களும் தன்னை என்ன செய்வார்களோ என்று நினைத்து வாயை மூடிக்கொண்டான். எட்டு நாள் அப்படியே போனது.

ஒன்பதாம் நாள் சாமியாத்தாள் விற்ற மாடுகளைச் சந்தைக்காரர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள். செவலையையும் சேர்த்துத்தான். அன்று சாயங்காலம் குழந்தைவேலு ஊரைக் கூட்டி, மடிப்பைப் பிரித்து, மீதியிருந்த வரியைப் படித்தான்.

“தொழுவத்தோடு எருக்குழியையும் மழைக்கு முன் முழுவதும் அள்ளி, மண்ணிட்டு மூட வேண்டும்.”

படித்துவிட்டு, “தப்பு என்னுது” என்று அழுதான்.

செங்காளியப்பன் எழுந்தான். “எருவை விடச் சொல்லிக் கேட்டவன் நானுங்க. வெளியூர் போயிருந்தேன், இந்தப் பேச்சே இன்னிக்குத்தான் காதுல விழுந்துது. தப்பு என்னுது.”

சாமியாத்தாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். “படிக்க வேண்டாம்னு தடுத்தது நாந்தானே தம்பி. நீ எதுக்கு அழுகறே?”

பரிசுக்கு மூன்று பேர் சண்டை போடுவதைக் கேட்டிருப்பீர்கள். இங்கே ஒரு பழிக்கு மூன்று பேர் உரிமை கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பீர்கள்?

செங்காளியப்பனுக்குக் காகிதத்தில் இருந்தது தெரியாது, வழக்கப்படி கேட்டான். சாமியாத்தாளுக்கும் தெரியாது, மனம் நொந்தவள் போதும் என்று சொல்வது இயற்கை. தெரிந்தவன் ஒருவன்தான். கூட்டத்தில் அவன் காகிதத்தை மடித்தது இரக்கம், அதை மன்னிக்கலாம். மறந்தது மனிதக் குணம், அதையும் மன்னிக்கலாம். ஆனால் அவள் பெயர் கெட்டுக்கொண்டிருந்த அந்த எட்டு நாளில் அவன் மறந்திருக்கவில்லை. ஆகவே பழி குழந்தைவேலுவுக்கே. சாமியாத்தாளிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். பிள்ளைகள் தேறிவிட்டார்கள், குழியை அள்ளி மூடிவிட்டார்கள், கிணற்றுத் தண்ணீர் இப்போது நன்றாக இருக்கிறது. அவன் மகளுக்குப் பால் மட்டும் பாக்கெட்டில் வருகிறது.