தேர் நின்ற முனை

கொன்றையூர்த் தேர் ஆண்டுதோறும் தெற்குத்தெரு முனையில் சற்று நிற்கும். அம்மன் ஏன் அங்கே நின்றாள் என்பதற்கு ஊரில் இரண்டு கதை. வளையல் போட்டுக்கொள்ள நின்றாள் என்பது கீழத்தெருவின் கதை. ஊருக்குள் வந்த வெள்ளத்தை மறிக்க நின்றாள் என்பது மேலத்தெருவின் கதை. தேர் நிற்கும்போது இரண்டையும் வாசிப்பது வழக்கம்.

அந்த ஆண்டு வாசித்தவர் சிதம்பரநாதன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். தன்னைவிட இளையவரான மடத்துத் தம்பிரானிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். ஒரு தேர் நிற்க இரண்டு காரணம் இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. வெள்ளக் கதையை மட்டும் வாசித்துவிட்டு ஏட்டை மூடினார்.

கீழத்தெருக்காரர்கள் வடத்தைக் கீழே போட்டார்கள்.

"எங்க கதை இல்லாத தேர எங்க கை இழுக்காது."

"போனாப் போங்க" என்று மேலத்தெரு தனியாக இழுத்துப் பார்த்தது. தேர் அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் அம்மன் நிலைக்குத் திரும்பியாக வேண்டும். சிதம்பரநாதன் மடத்துக்கு ஓடினார்.

"சாமி, தேர் பாதி வழியில் நிற்கிறது. எல்லாம் என்னால்தான். எந்தக் கதை உண்மை என்று நீங்களே வந்து சொல்லிவிடுங்கள்."

தம்பிரான் சிரித்துக்கொண்டே வந்தார். தேரடியில் நின்று உரக்கச் சொன்னார்.

"இரண்டும் இல்லை. தெற்குத்தெருவில் யார் வீட்டிலோ சுண்டல் தாளித்தார்கள். வாசனை பிடித்து அம்மன் நின்றுவிட்டாள்."

கீழத்தெருப் பெரியவர் ஒருவர் வெடித்தார்.

"எங்க ஆத்தா என்ன, சுண்டலுக்கு அலையிறவளா?"

"கேட்டுக்கிட்டு சும்மா நிக்கிறீங்களே!" என்று மேலத்தெருவிலிருந்து ஒரு குரல். "வடத்தப் பிடிங்கய்யா! இந்தப் பேச்சக் கேட்டுட்டு இன்னும் ஒரு நிமிஷம் ஆத்தா இங்க நிக்கக்கூடாது!"

இரண்டு தெருவும் சேர்ந்து இழுத்தது. இருந்த கோபத்தில் தேர் ஓட்டமாகவே போனது. வெயில் இறங்குமுன் நிலைக்கு வந்துவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மடத்து வாசலில் ஒரு கூட்டம். தெற்குத்தெருக்காரர்கள். முன்னால் ஓர் அண்டா நிறையச் சுண்டல்.

"அம்மனுக்குப் படைச்சிட்டு வர்றோம் சாமி. அது எங்க தெருச் சுண்டல்தான்னு பாட்டன் காலத்துலேருந்தே பேச்சு உண்டு. அடுத்த வருஷம் மூணு கதையா வாசிக்கணும்."

அவர்கள் போனதும் சிதம்பரநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாமி, அது இன்று மதியம் நீங்கள் இட்டுக்கட்டியதல்லவா!"

தம்பிரான் ஒரு தொன்னையில் சுண்டலை அள்ளி அவரிடம் நீட்டினார்.

"அவளே வாங்கிக்கொண்டாள் ஐயா. நீங்களும் சாப்பிடுங்கள்."