செவலைக் கறியும் அமுக்கரா வேரும்

முன்னொரு காலத்தில் கொடுங்குன்ற நாட்டை விடங்கவர்மன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, காலையில் ஒன்று சொல்லி மாலையில் அதை மாற்றி, ஊரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தான் என்பதே சரி. அவன் உயிரை வைத்திருந்தது சண்டைச் சேவல்கள்மேல். அவன் உயிரைத் தாங்கி வைத்திருந்தது அமுக்கரா வேர். அவனுக்குக் கைநடுக்கம். அமுக்கராவைப் பாலில் வேகவைத்துப் பொடித்துக் கொடுத்தால்தான் கிண்ணத்தைச் சிந்தாமல் பிடிப்பான்.

ஆண்டுதோறும் அரசனின் பிறந்தநாளுக்கு வடுகனூர்க் குடியானவர்கள் ஒரு கூடை அமுக்கராவைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஒரு காலத்தில் கட்டைவிரல் பருமன் இருந்த வேர், வருஷத்துக்கு வருஷம் இளைத்து, இந்த முறை துடைப்பக்குச்சியாக வந்து நின்றது.

அரண்மனை வைத்தியர் மகாதேவ பண்டிதர் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"திருட்டு, மகாராஜா! நல்ல வேரை அயலூரில் விற்றுவிட்டு நமக்குச் சக்கையை அனுப்புகிறான் இந்த ஊர்த்தலைவன் பூதன். இவனைக் கழுவேற்றுங்கள். அடுத்த வருஷம் வேர் தானாகத் தடிக்கும்."

"நாளை மறுநாள் கழுவேற்றம்," என்றான் அரசன்.

அமைச்சர் பொறையனார் எழுந்தார். "நாளை மதியம் என் வீட்டில் மகாராஜா சாப்பிட வரவேண்டும். திருடனை இலையிலேயே காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால்?"

"கழுமரம் ஒன்று போதாது. இரண்டாக நடச் சொல்லுங்கள்."

பண்டிதர் சிரித்தார். "அமைச்சருக்குப் பசி முற்றிப்போய்விட்டது."

வாய் முந்திக்கொண்டதே தவிர, அமைச்சரிடம் அப்போது ஒரு விவரமும் இல்லை. நேராகச் சிறைக்குப் போனார். பூதன் தரையில் குந்தியிருந்தான்.

"நல்ல வேரை யாருக்கு விற்றாய்?"

"விக்கலியே சாமி. தண்டு பெருத்த செடி எத்தனை இருக்கோ அத்தனையும் அரமனைக்குத்தான். மகாராசாவுக்குள்ளதைத் தொட்டா குடும்பம் விளங்காதுன்னு எங்க ஊர்ல ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க."

"எப்போது பிடுங்குவீர்கள்?"

"பூ வைக்கிறதுக்கு முன்னால. பூத்தா வீரியம் போயிரும்னு பண்டிதர் உத்தரவாச்சே."

"அப்படியானால் விதை?"

"மிச்சம் நிக்கிற நோஞ்சான் செடி பழுக்கும்ல? அதுல எடுத்துக்குவோம். நாங்க மெலிஞ்சாலும் தேஞ்சாலும் பரவால்ல, நல்லது ராசாவுக்குப் போகணும்."

சொல்லும்போது அவன் முகத்தில் பெருமைதான் இருந்தது. பக்தியோடு, வருஷம் தவறாமல், ஒரு பயிரையே கொன்றுகொண்டிருக்கிறார்கள். இதைச் சபையில் நேராகச் சொன்னால், 'உன் காணிக்கைதான் திருடன்' என்று அரசனைச் சுட்டியதாகிவிடும். பூதனோடு தானும் போகவேண்டியதுதான்.

மறுநாள் காலை அரசனின் சேவல் கொட்டடிக்குப் போய், காவல்காரனிடம் தன் முத்திரை மோதிரத்தைக் காட்டி, செவலை, வல்லூறு, கீரி என்று பேர்போன மூன்று பந்தயச் சேவல்களை வாங்கிவந்தார். செவலையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதனின் உயிர் ஒரு குழம்பின் ருசியில் தொங்குகிறது. இதற்குப் பெயர் புத்திசாலித்தனமா? செவலையைச் சமையற்காரனிடம் கொடுத்தார்.

மதியம் அரசன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"நல்ல இறுக்கமான கறி. இது சண்டைச் சேவலாயிற்றே, எங்கே பிடித்தீர்?"

"தங்கள் கொட்டடியில்தான், மகாராஜா. இது செவலை. வல்லூறும் கீரியும் அடுத்த வேளைக்கு."

அரசனின் கை இலைமேல் நின்றது. பக்கத்து இலையில் பண்டிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ராஜத்துரோகம்!"

"பதற்றம் எதற்கு? பந்தயத்தில் புறமுதுகு காட்டிய அந்த நொண்டிச் சேவலைப் பெட்டைகளோடு விட்டிருக்கிறேன். குஞ்சுகளுக்குக் குறைவிருக்காது."

"முட்டாளே!" அரசன் வாளை உருவினான். "நொண்டிக்குப் பிறந்த குஞ்சு களத்தில் நிற்குமா?"

"நிற்காவிட்டால் தீனி போடுகிறவனைக் கழுவேற்றுவோம். தானாக நிற்கும். பண்டிதர் சொன்ன வைத்தியம்தானே?"

அமைச்சரின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வாள் நடுங்கியது. அப்புறம் அவர், பெருத்த செடியெல்லாம் பூக்குமுன் அரண்மனைக்கு வருவதையும், நோஞ்சான் செடி மட்டும் விதைக்கு நிற்பதையும் தாழ்ந்த குரலில் சொன்னார். வல்லூறையும் கீரியையும் உயிரோடு கொண்டுவந்து விட்டார்கள். அரசன் சேவல்களைப் பார்த்தான். இலையில் கிடந்த எலும்புகளைப் பார்த்தான்.

"பூக்குமுன் பிடுங்கச் சொன்னது யார்?"

பண்டிதர் வாயில் கறி அப்படியே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பூதனின் விலங்கு அன்றே கழன்றது. அமைச்சருக்குப் பொற்கடகம். பண்டிதருக்கு வடுகனூரில் ஒரு குடிசை: பெருத்த செடிகளை யாரும் பிடுங்காமல், பழம் சிவக்கும்வரை வெயிலில் நின்று காவல் காக்கவேண்டும்.

ஆனால் அதுவரை அரசனுக்கு நோஞ்சான் வேர்தான். மாசியில் அவன் நடுக்கம் தலைக்கு ஏறியது. பல்லக்கில் வடுகனூருக்கு வந்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாய் நின்ற ஒரு செடியைப் பூதனிடம் காட்டினான்.

"இதன் வேர் தடித்திருக்கிறதா?"

"தெரியாது சாமி. பழம் பழுக்கணும். விதையைத் தனியா முடிஞ்சு வச்சுட்டுத்தான் பிடுங்கிப் பாப்போம். தடிச்சிருந்தா அதோட விதை மட்டும் அடுத்த விதைப்புக்கு. அப்படியே ஏழெட்டு விளைச்சல் போகணும்."

"அவ்வளவு நாள் நான் இருப்பேனா?"

பூதன் குனிந்து செடியின் அடியில் மண் அணைத்தான்.

அரசனின் கை தண்டைப் பற்றியது. நடுக்கத்தில் செடி முழுவதும் ஆடியது. ஒரே இழுப்பு, நாட்டில் அவனைத் தடுக்க யாருமில்லை. பிறகு, விரல்களை ஒவ்வொன்றாக மறுகையால் பிரித்து எடுத்துக்கொண்டு, பல்லக்கில் ஏறினான்.

அந்தச் செடி பழுத்தது. வேரும் தடித்திருந்தது. அதைச் சொல்ல ஓடிவந்த ஆளை அரண்மனை வாசலில் சாவுமேளம் நிறுத்திவிட்டது.