மன்னரின் சுருட்டும் சந்தியாகுவின் கட்டுமரமும்

“ராசா உக்காந்திருக்கிற நாற்காலிய எவன் தூக்குவான்?”

பூங்கா மதிலுக்கு அந்தப் பக்கம், தெருவோரத்தில், ஒரு பெண்குரல் கேட்டது. இந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த நப்பின்னை நின்றுவிட்டாள். ஆழிமங்கலத்து அரசவையில் விகடம் பேச வைத்திருந்த ஒரே பெண் அவள்தான். ஆனால் அவள் பேசுவது குறைவு, கவனிப்பதுதான் அதிகம். “வாய் திறக்காத விகடகவி நமக்கு எதற்கு?” என்று பிரதானி திருமேனியார் மன்னரிடம் அடிக்கடி முணுமுணுப்பார்.

கடற்கரையிலும் அதை ஒட்டிய பூங்காவிலும் சுருட்டுப் பிடிக்கக் கூடாது என்று மன்னர் முத்துவிசயர் புதிதாகச் சட்டம் போட்டிருந்தார். நல்ல சட்டம்தான். காற்று வாங்க வந்த குழந்தைகள் இருமாமல் விளையாடினார்கள். தண்டனையை யோசித்தவர் பிரதானி. புகைப்பவன் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறானோ, அது பறிமுதல். பாயும் முக்காலியும் கயிற்றுக் கட்டிலுமாக அரண்மனைக் கிடங்கு நிரம்பி வழிந்தது. வெறும் மணலில் உட்கார்ந்து புகைத்தவனிடம் எதைத் தூக்குவது என்று தெரியாமல் காவலர்கள் விழித்தார்கள்.

நப்பின்னை வாசலைச் சுற்றிக்கொண்டு போனாள். மதிலடியில் ஒரு மீனவனும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சந்தியாகு, லூர்தம்மா.

“நேத்து கட்டுமரத்து மேல உக்காந்து ஒரு சுருட்டு பத்த வச்சேன் தாயி” என்றான் சந்தியாகு. “மரத்தையே தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

“இவரு செஞ்சது தப்புதான்” என்றாள் லூர்தம்மா. “அதுக்கு நாளைக்கு இவரு கடலுக்கு நீந்தியா போவாரு? பூங்கா நடுவுல தெனமும் ஒரு புகை எழும்புதே, அது யாரு கண்ணுக்கும் தெரியலியாக்கும்?”

எல்லோருக்கும் தெரியும். மாலையானால் மன்னர் பூங்கா மண்டபத்தில் தந்தக்கால் நாற்காலி போட்டு, சுருட்டைப் பற்றவைத்துவிடுவார்.

மறுநாள் மாலை நப்பின்னை மண்டபத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். மன்னர் முகம் சுளித்தார். பிரதானி முந்திக்கொண்டார்.

“பெண்ணே, அந்த மீன்காரன் விடுவது புகை. மகாராஜா விடுவது சாம்பிராணி. இந்த மல்லிகையெல்லாம் அதைக் குடித்துத்தான் பூக்கிறது.”

“பிரதானியாருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமோ?”

“கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.”

“கட்டிவிடலாம்” என்றாள் நப்பின்னை.

மன்னருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பிரதானி சரியாகச் சொன்னால் நீ அவையை விட்டுப் போய்விட வேண்டும். தவறினால் கட்டுமரம் அவனுக்கு.”

“சட்டம், மகாராஜா?”

“புகை ஒன்றுதான் என்று ஆகிவிட்டால் சட்டமும் ஒன்றுதான். போதுமா?”

நப்பின்னை வெகுநாளாக ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். அவையில் பிரதானி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டே இருப்பார். சாமரம் வீசும் பெண்களின் வளையல் சத்தம் கேட்டதும், மன்னர் வந்துவிட்டார் என்று எழுந்து கும்பிடுவார். கண்ணைத் திறப்பது அதற்கப்புறம்தான்.

ஆள் அனுப்பிக் கூப்பிட, சந்தியாகு வந்தான். பிரதானியின் கண்ணைக் கட்டி, திசை தெரியாதபடி சுற்றிவிட்டார்கள். நப்பின்னை சாமரப் பெண்களின் காதில் ஏதோ சொன்னாள். அவர்கள் மன்னரைப் பார்த்தார்கள். மன்னர் மீசைக்குள் சிரித்துத் தலையசைத்தார். இருவரும் மெல்லப் போய்ச் சந்தியாகுவின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“நின்றபடியே பற்றவை” என்று அவனிடம் கிசுகிசுத்தாள் நப்பின்னை. “உட்கார்ந்து தொலைக்காதே.”

சந்தியாகு ஊதினான். சாமரம் வீசியது. வளையல்கள் குலுங்கின.

“அடடா” என்று பிரதானி நெஞ்சு நிறைய இழுத்தார். “அகில். சந்தனம். போன பிறவிப் பாவமும் சேர்ந்து போயிற்று மகாராஜா.”

சந்தியாகு தன் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அடுத்து மன்னர் ஊதினார். வளையல் சத்தம் இல்லை. பிரதானி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சீச்சீ, செத்த திருக்கைமீன் வாடை. இவன் மரத்தைப் பிடுங்கியது போதாது மகாராஜா. இவனையும் கட்டிக் கடலில் தள்ளுங்கள்.”

நப்பின்னை கண்கட்டை அவிழ்த்தாள். பிரதானியின் மூக்குக்கு நேரே மன்னர் உட்கார்ந்திருந்தார், கையில் சுருட்டோடு.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “இவன் மரத்தைக் கொடுத்துவிடுங்கள்” என்றார் கண்ணைத் துடைத்தபடி.

சந்தியாகு கும்பிட்டுவிட்டு ஓடினான். நப்பின்னை நகரவில்லை.

“இன்னும் என்ன?”

“ஒன்றுமில்லை மகாராஜா. அந்த நாற்காலியை யார் தூக்குவது என்று மதிலுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.”

மன்னரின் சிரிப்பு நின்றது. தந்தக்கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்தார்.

“திருமேனியாரே, தூக்கும்.”

பிரதானி நாற்காலியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிடங்குக்கு நடந்தார். மன்னர் பூங்கா வாசலைத் தாண்டினார். கடற்காற்றில் சுருட்டு அணைந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், சட்டம் எட்டாத தெருவோரத்தில், சந்தியாகு தன் சுருட்டோடு குந்தியிருந்தான். மன்னர் அவன் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்து, சுருட்டை நீட்டி, “நெருப்பு இருக்கிறதா?” என்று கேட்டார்.